வாசகர் கேள்வி – பதில்: ஆப்பிரிக்க நாடுகளின் மின்துறையை ஆராய்வது எப்படி?

ஆப்பிரிக்க நாடுகளின் மின்சாரக் கொள்கை, ஆற்றல் மாற்றம் பற்றி வந்த கேள்விகளில் ஆய்வு மாணவர்களுக்கும் இதழியலாளர்களுக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஆப்பிரிக்காவின் 54 நாடுகளையும் ஒரே அட்டவணையில் வைத்து, எந்த நாடு பசுமை மின்சாரத்துக்கு வேகமாக மாறுகிறது என்று வரிசைப்படுத்தப் போகிறேன். முதுகலை ஆய்வேட்டுக்கு ஆறு மாத அவகாசம். போதுமா?

பதில்: அவகாசம் பிரச்சினையே இல்லை. அட்டவணைதான் பிரச்சினை. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் பங்கை வைத்து வரிசைப்படுத்தினால் காங்கோ ஜனநாயகக் குடியரசு உச்சியில் வந்து உட்காரும். அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் நீர்மின்சாரம். ஆனால் மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் மின்வசதியே இருக்கிறது. தென்னாப்பிரிக்கா அடியில் கிடக்கும். எண்பது சதவீதத்துக்கு மேல் நிலக்கரிதான், ஆனால் பத்தில் ஒன்பது வீட்டில் விளக்கு எரிகிறது. இந்த வரிசையிலிருந்து 'மாற்றம்' பற்றி எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

மூன்று அல்லது நான்கு நாடுகளை மட்டும் எடுங்கள். ஏதோ ஒன்றில் ஒத்தும் வேறொன்றில் முரண்பட்டும் இருக்கிற இணைகளாகப் பாருங்கள். உகாண்டாவும் கென்யாவும் நல்ல இணை. உகாண்டா 2001-இல் பழைய மின்வாரியத்தை உற்பத்தி, மின்தொடரமைப்பு, பகிர்மானம் என்று மூன்றாக உடைத்தது. பகிர்மானத்தை 2005-இல் உமேமே என்ற தனியார் நிறுவனத்திடம் 20 ஆண்டு குத்தகைக்கு விட்டு, 2025 மார்ச் 31-இல் குத்தகை முடிந்ததும் அரசு நிறுவனத்திடமே திரும்பக் கொடுத்துவிட்டது. கென்யாவில் பகிர்மானம் அரசுக்குப் பெரும்பான்மைப் பங்குள்ள கென்யா பவரிடமே நீடிக்கிறது. பக்கத்து நாடுகள், ஏறக்குறைய ஒரே காலகட்டம், வேறு வேறு அமைப்பு. சாம்பியாவும் சிம்பாப்வேயும் இன்னும் நல்ல இணை. இரண்டும் ஒரே கரிபா ஏரியின் நீரில் மின்சாரம் எடுக்கின்றன. அதைப் பற்றிக் கீழே தனியாக வருகிறது.

கேள்வி: ஒரே நாட்டுக்கு, ஒரே ஆண்டுக்கு, மின்வசதி பெற்ற மக்கள் எத்தனை சதவீதம் என்பதற்கு மூன்று விதமான எண்கள் கிடைக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: மூன்றும் சரியாகவே இருக்கலாம். மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்கான விடைகள்.

கென்யாவின் 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டில் விளக்கெரிக்க முக்கியமாக எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று அதில் கேட்டார்கள். பொது மின்கம்பி என்று 50.4 சதவீத வீடுகள் சொன்னன. சூரிய மின்சாரம் என்று 19.3 சதவீத வீடுகள் சொன்னன. இரண்டையும் கூட்டினால் 69.7. கம்பியை மட்டும் எண்ணுகிறவர் பாதி என்பார், சூரிய விளக்கையும் சேர்ப்பவர் எழுபது என்பார். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

இதைவிட வழுக்கலானது மின்நிறுவனங்கள் தரும் எண். இணைப்புகளின் எண்ணிக்கையைச் சராசரிக் குடும்ப அளவால் பெருக்கி, மக்கள்தொகையால் வகுத்துவிடுவார்கள். இது இரண்டு பக்கமும் தவறும். கடைகளும், ஒரே வீட்டின் இரண்டாவது மீட்டரும், துண்டிக்கப்பட்டும் ஏட்டில் உயிரோடிருக்கும் இணைப்புகளும் எண்ணைக் கூட்டும். அக்ரா, லாகோஸ் போன்ற நகரங்களில் ஒரே வளாகத்தில் பல குடும்பங்கள் ஒரு மீட்டரைப் பகிர்ந்துகொள்வது எண்ணைக் குறைக்கும். எனவே 'செயலில் உள்ள வாடிக்கையாளர்' என்பதற்கு நிறுவனம் என்ன வரையறை வைத்திருக்கிறது என்று ஆண்டறிக்கையில் தேடுங்கள். ப்ரீபெய்டு மீட்டர் உள்ள நாடுகளில் கடந்த மூன்று மாதத்தில் ஒருமுறையாவது ரீசார்ஜ் செய்தவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தால் அதுவே நம்பகமான எண்.

இணைப்பு இருக்கிறதா என்பதோடு நிற்காமல் என்ன தரத்தில் மின்சாரம் வருகிறது என்று அறிய, உலக வங்கியின் பல்லடுக்குச் சட்டகத்தைப் பயன்படுத்துங்கள். பூஜ்யம் முதல் ஐந்து வரை அடுக்குகள். முதல் அடுக்குக்கு 3 வாட் திறன், நாளுக்கு 12 வாட்-மணி, 4 மணி நேரம் போதும். இரண்டு விளக்கும் கைபேசி சார்ஜும் என்று வையுங்கள். மூன்றாம் அடுக்குக்கு 200 வாட், நாளுக்கு ஒரு யூனிட், 8 மணி நேரம் வேண்டும். ஐந்தாம் அடுக்குக்கு 2 கிலோவாட், 8.2 யூனிட், 23 மணி நேரம். பலரும் தவறவிடும் விதி ஒன்று: ஒரு வீட்டின் அடுக்கைத் தீர்மானிப்பது அதன் மிகக் குறைந்த மதிப்பெண்தான், சராசரி அல்ல. கம்பி இணைப்பும் வேண்டிய திறனும் இருந்தும் நாளுக்கு நான்கு மணி நேரமே மின்சாரம் வருகிற வீடு மூன்றாம் அடுக்கை எட்டாது.

மின்சாரம் உண்மையில் எவ்வளவு நேரம் வருகிறது என்பதற்கு ஆப்ரோபாரோமீட்டரின் கருத்துக்கணிப்புத் தரவை இலவசமாகப் பதிவிறக்கலாம். ஊரில் மின்கம்பி போகிறதா, வீட்டுக்கு இணைப்பு உண்டா, மின்சாரம் எத்தனை முறை வருகிறது என்ற மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கின்றன. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருக்கும் நாட்டில் தடை இணைப்புக் கட்டணம், வயரிங் செலவு ஆகியவற்றில் இருக்கிறது. கென்யா இதைக் கண்டுகொண்டு, மின்மாற்றியிலிருந்து 600 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளுக்கு இணைப்புக் கட்டணத்தை 35,000 ஷில்லிங்கிலிருந்து 15,000-க்குக் குறைத்தது. இணைப்புகள் வேகமாகப் பெருகின. புதிதாக வந்தவர்கள் மாதம் சில யூனிட்டுகளே எரிப்பதால் கென்யா பவரின் வருமானம் அந்த வேகத்தில் ஏறவில்லை. இணைப்பு எண்ணைப் பாராட்டி எழுதும்போது இந்த இரண்டாம் பாதியையும் எழுதுங்கள்.

கேள்வி: செயற்கைக்கோள் எடுக்கும் இரவு வெளிச்சப் படங்களை வைத்தே மின்மயமாக்கலை அளந்துவிடலாம் என்கிறார்களே?

பதில்: ஊர் அளவில் ஓரளவு முடியும், வீடு அளவில் முடியாது. 2012 முதல் கிடைக்கும், வியர்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவி எடுக்கும் படங்களில் ஒரு கட்டம் ஏறக்குறைய 500 மீட்டர். அதைவிட முக்கியம், அந்தச் செயற்கைக்கோள் ஓர் இடத்தின் மேலே போவது நள்ளிரவு தாண்டி சுமார் ஒன்றரை மணிக்கு. கிராமத்து வீடுகளில் அந்நேரம் விளக்கு அணைந்திருக்கும், தெருவிளக்கு இல்லாத ஊர் இருட்டாகவே தெரியும். மறுபக்கம், நைஜர் டெல்டாவில் எண்ணெய்க் கிணறுகளில் எரிக்கப்படும் வாயு, மின்சாரமே இல்லாத சிற்றூர்களைப் பெருநகரம்போல் காட்டும். வாயு எரியும் இடங்களை முதலில் நீக்குங்கள். ஒரு மாதப் படத்தை நம்பாமல் பன்னிரண்டு மாதச் சராசரியை எடுங்கள். மின்வெட்டு உள்ள நாட்டில் அன்றைய இரவு வெட்டு இருந்ததா என்றும் பாருங்கள். வீட்டுச் சூரிய விளக்கு இந்தப் படங்களில் தெரியவே தெரியாது.

கேள்வி: நைஜீரியாவின் நிறுவுதிறன் 13,000 மெகாவாட் என்று எங்கும் எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் ஏன்?

பதில்: 13,000 என்பது இயந்திரங்களின் பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் திறன்களின் கூட்டல். மின்கட்டமைப்பில் நாள்தோறும் ஓடுவது பெரும்பாலும் 4,000 முதல் 5,000 மெகாவாட்தான். இடையில் உள்ளதைக் கட்டம் கட்டமாகக் கழித்துப் பாருங்கள். பழுதாகி நிற்கும் இயந்திரங்கள் முதலில் போகும். இயங்கத் தயாராக இருந்தும் எரிவாயு வராதவை அடுத்து. நாட்டின் கட்டமைப்பு மின்சாரத்தில் பெரும்பகுதி எரிவாயுவில் எடுப்பது. எரிவாயுவின் விலை டாலரில் நிர்ணயமாகிறது, மின்கட்டணம் வசூலாவது உள்நாட்டு நாணயமான நைராவில். பகிர்மான நிறுவனங்கள் முழுப் பணத்தைக் கட்டாததால் உற்பத்தி நிறுவனங்கள் எரிவாயுக்காரர்களுக்குக் கடன்படுகின்றன. மிச்சம் இருப்பதையும் உயர் அழுத்தக் கம்பிகளும் பகிர்மான நிறுவனங்களும் முழுவதுமாக ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. நைஜீரியாவின் மின் ஒழுங்குமுறை ஆணையம் வெளியிடும் காலாண்டு அறிக்கையில் இவை தனித்தனித் தலைப்பில் இருக்கின்றன. 'திறன் குறைவு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் யார் பொறுப்பு என்பது மறைந்துவிடும்.

2013 நவம்பரில் உற்பத்தியும் பகிர்மானமும் தனியாருக்குப் போயின. பதினொரு பகிர்மான நிறுவனங்கள் உருவாயின. மின்தொடரமைப்பு மட்டும் அரசிடம் நின்றது. 2024 ஏப்ரலில் கட்டணத்தில் ஒரு துணிச்சலான சோதனை நடந்தது. வாடிக்கையாளர்கள் மின்சாரம் கிடைக்கும் நேரப்படி ஏ முதல் இ வரை ஐந்து பிரிவாக ஏற்கெனவே பிரிக்கப்பட்டிருந்தார்கள். ஏ பிரிவுக்கு நாளுக்குக் குறைந்தது 20 மணி நேரம், பி-க்கு 16, சி-க்கு 12, டி-க்கு 8, இ-க்கு 4. அந்த ஏப்ரலில் ஏ பிரிவின் கட்டணம் மட்டும் யூனிட்டுக்கு 225 நைராவாக, மும்மடங்குக்கு மேல் உயர்ந்தது. பாதிக்கப்பட்டவர்கள் வாடிக்கையாளர்களில் சுமார் 15 சதவீதம். மற்றவர்களின் பழைய கட்டணம் அப்படியே நின்றது, வித்தியாசம் அரசின் தலையில் விழுந்தது.

ஆய்வாளர் இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023-இல் அரசமைப்புத் திருத்தமும் புதிய மின்சாரச் சட்டமும் வந்த பிறகு மாநிலங்கள் தங்களுக்கென ஒழுங்குமுறை ஆணையம் அமைத்துக்கொள்ளலாம். எனுகு மாநில ஆணையம் 2025-இல் ஏ பிரிவுக் கட்டணத்தை 209 நைரா அளவிலிருந்து 160-க்குக் குறைத்தது. ஆகவே 'நைஜீரியாவின் மின்கட்டணம்' என்று ஓர் எண்ணை இனி எழுத முடியாது. எந்த மாநிலம், எந்தப் பிரிவு, எந்த மாதம் என்று எழுதுங்கள்.

நிறுவுதிறன் மயக்கம் எத்தியோப்பியாவிலும் உண்டு. 2025 செப்டம்பரில் திறந்துவைக்கப்பட்ட மறுமலர்ச்சி அணையின் திறன் 5,150 மெகாவாட். எதிர்பார்க்கும் ஆண்டு உற்பத்தி 1,570 கோடி யூனிட் அளவில். 5,150 மெகாவாட்டும் ஆண்டு முழுதும் ஓடினால் வர வேண்டியது 4,511 கோடி யூனிட். ஆக, பயன்பாட்டு விகிதம் ஏறக்குறைய 35 சதவீதம். அணை மீது குறையில்லை, ஆற்றின் நீரோட்டத்துக்கு அது இயல்பானது. ஆனால் ஒரு வாயு மின்நிலையத்தின் மெகாவாட்டோடு அதை அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தவறிவிடும்.

கேள்வி: கானாவில் சில ஆண்டுகளுக்கு முன் கடுமையான மின்வெட்டு. பிறகு மின்சாரம் மிஞ்சுகிறது என்று செய்தி. மிஞ்சினால் விலை குறைய வேண்டாமா? கூடியிருக்கிறதே!

பதில்: இந்தத் தொகுப்பில் மிகவும் பயனுள்ள கேள்வி இதுதான். சந்தைப் பாடம் இங்கே செல்லாது, ஏனென்றால் வாங்குவது சந்தையில் அல்ல, ஒப்பந்தத்தில்.

தும்சோர் என்று கானா மக்கள் அழைத்த அந்த மின்வெட்டுக் காலத்தில், 2010-களின் நடுவில், அரசு அவசர அவசரமாகத் தனியார் மின்நிலையங்களோடு கொள்முதல் ஒப்பந்தங்கள் போட்டது. 'எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம் கொடு' என்ற விதி அவற்றில் இருந்தது. 2019 ஜூலையில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு இது: நிறுவுதிறன் 5,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது, உச்சத் தேவை சுமார் 2,700. ஒப்பந்தத்தில் 2,300 மெகாவாட் அந்த விதியின் கீழ். பயன்படுத்தாத திறனுக்காக ஆண்டுக்கு ஐம்பது கோடி டாலருக்கு மேல் போகிறது.

ஏன் விலை ஏறுகிறது என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கீழே உள்ளவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். 100 மெகாவாட் நிலையம், திறன் கட்டணம் மாதம் ஒரு கிலோவாட்டுக்கு 20 டாலர். ஆண்டுக்கு 1,00,000 × 20 × 12 = 2.4 கோடி டாலர். நிலையம் ஓடினாலும் சும்மா நின்றாலும் இந்தத் தொகை மாறாது. ஆண்டில் 80 சதவீதம் ஓட்டினால் 70.08 கோடி யூனிட் வரும், ஒரு யூனிட்டின் மேல் ஏறுவது 3.4 சென்ட். இருபது சதவீதம் மட்டும் ஓட்டினால் 17.52 கோடி யூனிட்டில் அதே தொகை பிரிகிறது, யூனிட்டுக்கு 13.7 சென்ட். எரிபொருள் செலவு இதற்கு மேல். மிகைத் திறன் கூடக்கூட ஒவ்வொரு நிலையமும் குறைவாக ஓடும், எரிகிற ஒவ்வொரு யூனிட்டும் விலையேறும்.

பகிர்மான இழப்பு அடுத்த அடி. வாங்கிய மின்சாரத்தில் 25 சதவீதம் கம்பி இழப்பிலும் திருட்டிலும் போகிறது, பில் போட்டதில் 80 சதவீதம்தான் வசூலாகிறது என்று வையுங்கள். 0.75 × 0.80 = 0.60. பத்து சென்ட்டுக்கு வாங்கியதற்கு, பகிர்மானச் செலவைச் சேர்க்காமலே, 16.7 சென்ட் கட்டணம் வைத்தால்தான் வாங்கிய காசு திரும்பும். பலர் 25-ஐயும் 20-ஐயும் கூட்டி 45 சதவீத இழப்பு என்று எழுதுவார்கள். சரியான மொத்த இழப்பு 40. உலக வங்கி 2016-இல் வெளியிட்ட ஆய்வில் சகாராவுக்குத் தெற்கே 39 நாடுகளைப் பார்த்தார்கள். இயக்கச் செலவு, முதலீட்டுச் செலவு இரண்டையும் கட்டணத்திலேயே முழுதாக மீட்டவை இரண்டே நாடுகள்: உகாண்டா, சேஷெல்ஸ்.

கென்யாவின் துர்கானா ஏரிக் காற்றாலை வேறுவிதப் பாடம். 365 காற்றாடிகள், 310 மெகாவாட். 2017-இல் நிலையம் தயார். லோயங்கலானியிலிருந்து சுஸ்வாவுக்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் உயர் அழுத்தக் கம்பி 2018-இல்தான் முடிந்தது. கம்பி போடுவது அரசின் பொறுப்பு, தாமதமானால் உற்பத்தியாகியிருக்க வேண்டிய மின்சாரத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பசுமையா கருப்பா என்பதெல்லாம் பிறகு. ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியவை ஐந்து: திறன் கட்டணமா யூனிட் கட்டணமா, எந்த நாணயம், கம்பி தாமதமானால் யார் தலையில், அரசின் உத்தரவாதம் உண்டா, எத்தனை ஆண்டு.

ஒப்பந்தம் ரகசியமாக இருந்தால்? பெரும்பாலும் இருக்கும். மின்நிறுவனத்தின் தணிக்கை செய்த கணக்கில் பின்குறிப்புகளைப் படியுங்கள். ஒவ்வொரு நிலையத்திடமிருந்தும் எத்தனை யூனிட், எவ்வளவு பணம் என்று கென்யா பவரின் ஆண்டறிக்கை அட்டவணையாகத் தருகிறது. பணத்தை யூனிட்டால் வகுத்தாலே பாதி ரகசியம் உடைந்துவிடும்.

கேள்வி: 2024-இல் சாம்பியாவில் நடந்த மின்வெட்டுக்கு வறட்சிதான் காரணம் என்று அரசு சொல்கிறது. நிர்வாகக் கோளாறு என்று எதிர்க்கட்சி சொல்கிறது. வெளியிலிருந்து சரிபார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. கரிபா ஏரியின் நீர்மட்டத்தை சாம்பேசி ஆற்று ஆணையம் தொடர்ந்து வெளியிடுகிறது. மின் உற்பத்திக்கு ஏரி 475.50 மீட்டருக்கும் 488.50 மீட்டருக்கும் இடையே இயங்க வேண்டும். கீழ் எல்லைக்கு மேலே உள்ள நீர்தான் 'பயன்படுத்தத்தக்க இருப்பு'. ஏரி பார்வைக்கு நிறைந்திருந்தாலும் இந்த இருப்பு அற்பமாக இருக்கலாம்.

ஒரு கனமீட்டர் நீர் 90 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, 90 சதவீதச் செயல்திறனில் டர்பைனைச் சுற்றினால் 0.22 யூனிட் மின்சாரம். ஆணையம் 2024-க்கு ஒதுக்கிய நீர் 1,600 கோடி கனமீட்டர், சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் சரிபாதி. 800 கோடியை 0.22-ஆல் பெருக்கினால் 176 கோடி யூனிட். ஆண்டின் 8,760 மணி நேரத்தால் வகுத்தால் சராசரி 200 மெகாவாட். சாம்பியப் பக்க நிலையத்தின் திறன் 1,080 மெகாவாட். ஐந்தில் ஒரு பங்குகூட ஓட்ட முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதோடு விட்டால் அரசு சொல்வது முழுவதும் சரி என்றாகிவிடும். முந்தைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டையும் உண்மைப் பயன்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 2022 நவம்பரில் சிம்பாப்வே தன் பங்கைத் தாண்டி நீரை எடுத்துவிட்டதால் உற்பத்தியை நிறுத்தும்படி ஆணையம் கடிதம் எழுதியது. அப்போது பயன்படுத்தத்தக்க இருப்பு 4.6 சதவீதம். வறட்சிக்கு முன்னால் ஏரியை எந்த அளவுக்கு இறக்கினார்கள் என்பதே நிர்வாகக் கேள்வி. மழை எவ்வளவு பெய்தது என்பது இயற்கைக் கேள்வி. அடுத்து, சாம்பியாவின் கஃபுவே ஆற்று நிலையங்கள் வேறு நீர்ப்பிடிப்பில் இருப்பவை. அவற்றைக் கரிபாவோடு சேர்த்து எழுதாதீர்கள்.

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் 'ஆறாம் நிலை' மின்வெட்டு என்றால் என்ன? 2024-இல் வெட்டு நின்றதற்கு சூரிய மின்சாரம்தான் காரணமா? (ஊடக மாணவர் ஒருவர்)

பதில்: ஒவ்வொரு நிலைக்கும் 1,000 மெகாவாட் தேவையைக் குறைப்பார்கள். ஆறாம் நிலையில் 6,000. எந்தப் பகுதிக்கு எத்தனை மணி என்பது உள்ளூர் அட்டவணைப்படி. நிலையைப் 'பாதிக்கப்பட்டோர் சதவீதம்' என்று எழுதுவது பரவலான தவறு.

2024 மார்ச் 26-இல் நின்ற வெட்டு 2025 ஜனவரி இறுதியில்தான் திரும்ப வந்தது. காரணத்தைப் பிரிக்க, அரசு மின்நிறுவனமான எஸ்காமின் தரவுத்தளத்தில் உள்ள மணிவாரி எண்களை இறக்கி மூன்று பத்தி பாருங்கள்: திட்டமிடாத பழுதால் நின்ற மெகாவாட், திட்டமிட்ட பராமரிப்பில் இருக்கும் மெகாவாட், டீசல் டர்பைன்கள் ஓடிய அளவு. முதலாவது குறைந்திருந்தால் நிலக்கரி நிலையங்கள் தேறியிருக்கின்றன என்று பொருள். வீட்டுக் கூரைச் சூரியத் தகடுகள் உற்பத்திப் பத்தியில் வராது. பகல் நேரத் தேவை குறைந்ததாக மறைமுகமாகத்தான் தெரியும். அதனால் பகல் பன்னிரண்டு மணித் தேவையை முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடும், மாலை ஏழு மணித் தேவையை அதே போலவும் தனித்தனியே ஒப்பிடுங்கள். பகலில் மட்டும் இறங்கியிருந்தால் கூரைத் தகடுகள், இரண்டிலும் இறங்கியிருந்தால் தேவையே சுருங்கியிருக்கிறது. இன்னொரு பொறி: உள்ளூர் மின்மாற்றிகள் சுமை தாங்காத பகுதிகளில் எஸ்காம் செய்யும் துண்டிப்புக்கு வேறு பெயர், வேறு கணக்கு. தேசிய அளவில் வெட்டு நின்ற மாதங்களிலும் அது தொடர்ந்தது.

நிலக்கரியிலிருந்து வெளியேற தென்னாப்பிரிக்காவுக்கு வளர்ந்த நாடுகள் தருவதாகச் சொன்ன 850 கோடி டாலர் பற்றியும் இதே வாசகர் கேட்டிருக்கிறார். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் அறிவித்த அந்தத் தொகையில் திருப்பித் தர வேண்டாத மானியம் ஏறக்குறைய 4 சதவீதம்தான். மற்றதில் பெரும்பகுதி கடனும் உத்தரவாதமும். 2025 மார்ச்சில் அமெரிக்கா விலகிக்கொண்டது. 'நிதியுதவி' என்ற ஒரே சொல்லில் இவற்றை அடக்காதீர்கள். முபுமலங்கா மாகாணத்தின் கொமாட்டி நிலக்கரி மின்நிலையம் 2022 அக்டோபரில் மூடப்பட்டு, அதன் மறுபயன்பாட்டுக்கு உலக வங்கி சுமார் 50 கோடி டாலர் ஒதுக்கியது. அங்கே வேலை இழந்தவர்களில் எத்தனை பேருக்கு மாற்று வேலை கிடைத்தது என்பதைத் தேடினால், எஸ்காமின் நேரடி ஊழியர்களையும் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் பிரித்துக் கேளுங்கள். இடமாற்றம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் முதல் வகை.

கேள்வி: அரசுகள் வெளியிடும் கொள்கை ஆவணங்களையே படித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே ஒன்றுபோல இருக்கின்றன.

பதில்: ஆமாம், பலவற்றை ஒரே ஆலோசனை நிறுவனங்கள் எழுதிக் கொடுக்கின்றன. கட்டண ஆணையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணை, அதற்கு மின்நிறுவனம் போட்ட விண்ணப்பம், உரிமங்கள், அரசிதழில் வந்த விதிகள், சட்டம், கடைசியாகக் கொள்கை. கானாவில் ஆணையம் காலாண்டுக்கு ஒருமுறை கட்டணத்தைத் திருத்தும்போது நாணய மாற்று விகிதம், பணவீக்கம், எரிவாயு விலை, நீர்-அனல் கலவை ஆகிய நான்கும் எவ்வளவு மாறின என்று எழுதுகிறது. அந்த நான்கு வரிகளில் ஆற்றல் மாற்றத்தின் உண்மை நிலவரம் இருக்கிறது. கென்யாவில் ஒரு வீட்டு பில்லை எடுத்து, அடிப்படைக் கட்டணத்துக்குக் கீழே வரும் எரிபொருள், அந்நியச் செலாவணி, பணவீக்கச் சரிக்கட்டல் வரிகளை மாதவாரியாக எழுதி வையுங்கள். அமைச்சர் 'கட்டணத்தைக் குறைத்தோம்' என்று சொன்ன மாதத்தில் அந்த வரிகள் ஏறியிருந்தால் செய்தி அங்கேதான்.

கேள்வி: நேர்காணலுக்கும் ஆவணங்களுக்கும் அனுமதி வாங்குவது எப்படி?

பதில்: கென்யாவில் நாகோஸ்டி, தன்சானியாவில் காஸ்டெக், உகாண்டாவில் தேசிய அறிவியல் தொழில்நுட்பக் குழு ஆகியவை ஆய்வு அனுமதி தருகின்றன. வெளிநாட்டவருக்கு உள்ளூர் நிறுவன இணைப்பு வேண்டும். அதை வாங்குவதற்குத்தான் நாள் பிடிக்கும், எனவே பயணச்சீட்டுக்கு முன்னால் அதைத் தொடங்குங்கள்.

தகவல் கோரும் சட்டங்களில் பதில் தர வேண்டிய கெடு நைஜீரியாவில் 7 நாள், கானாவில் 14, கென்யாவில் 21, தென்னாப்பிரிக்காவில் 30. நைஜீரியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கென்யாவிலும் உகாண்டாவிலும் குடிமக்களுக்குத்தான் அந்த உரிமை, எனவே உள்ளூர் ஆய்வாளர் பெயரில் மனு போக வேண்டும். 'எல்லாக் கொள்முதல் ஒப்பந்தங்களும் வேண்டும்' என்று கேட்டால் வணிக ரகசியம் என்று திருப்பிவிடுவார்கள். 'இன்ன ஆண்டில் நிலையவாரியாக வாங்கிய யூனிட், கொடுத்த தொகை, அதில் திறன் கட்டணம்' என்று மூன்று பத்தி அட்டவணையாகக் கேளுங்கள். மறுப்பு வந்தாலும் எழுத்தில் வாங்கிவையுங்கள். மேல்முறையீட்டுக்கு அந்தத் தாள் வேண்டும்.